மால்டாவில் வாடகைக் கார் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நாளுக்கு 9 யூரோ என்று போட்டிருந்தது. ஏழு நாளுக்கு 63. இணையத்தில் கட்டிவிட்டுத்தான் கிளம்பினோம். ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தால் அந்தக் காருக்காக மட்டும் 553 யூரோ போயிருந்தது. இதில் பாதித் தப்பு என்னுடையது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். முதல் முறை போகிற யாராவது ஒருவருக்குப் பயன்பட்டால் சரி.

2024 செப்டம்பரில் நானும் மனைவியும் போனோம். கார் எடுக்கும் யோசனை என்னுடையதுதான். மால்டாவில் நம் ஊர் போலவே இடதுபுறம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட தீவு என்பதால் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது. ஐரோப்பாவில் இப்படி ஓட்டக் கிடைக்கிற இடங்கள் சொற்பம், விடுவானேன் என்று நினைத்தேன். "ஏங்க, இத்தனூண்டு ஊருக்குக் கார் எதுக்குங்க?" என்று மனைவி கேட்டாள். மால்டா, கோஸோ, கொமினோ என்கிற மூன்று தீவும் சேர்த்தே 316 சதுர கிலோமீட்டர்தான், சென்னை மாநகராட்சியைவிடச் சின்னது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைந்து பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வேறு வாங்கி வைத்திருந்தேன்.

விமான நிலையத்தில் அந்த நிறுவனத்துக்குக் கவுன்டரே கிடையாது. கையில் அட்டை பிடித்த ஒருவர் வெளியே நின்றார். வேனில் ஏற்றிப் பத்து நிமிடம் தள்ளி ஒரு கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கூட்டிப்போனார். முதல் எச்சரிக்கை இதுதான். கவுன்டர் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தால், பேச்சு ஒத்துவராவிட்டால் பக்கத்துக் கவுன்டருக்குப் போகலாம். எங்கோ ஓர் அடித்தளத்தில் பெட்டிகளோடு நிற்கிறபோது எதற்கும் தலையாட்டத்தான் தோன்றும்.

மேசையில் இருந்தவர் மிக மரியாதையாகப் பேசினார். டெபாசிட்டாக 1,500 யூரோ கார்டில் பிளாக் செய்ய வேண்டும், கார் நல்லபடியாகத் திரும்பினால் விடுவித்துவிடுவோம் என்றார். ஊரிலேயே யூரோ நிரப்பிக் கொண்டுபோன ஃபோரெக்ஸ் கார்டை நீட்டினேன். அது ப்ரீபெய்டு, செல்லாது என்றார். டெபிட் கார்டும் ஆகாது. முன்பக்கம் பெயர் அச்சடித்த கிரெடிட் கார்டுதான் வேண்டும், அதுவும் ஓட்டுகிறவர் பெயரிலேயே. என் கிரெடிட் கார்டின் வரம்பு ஒரு லட்சம் ரூபாய். 1,500 யூரோ அன்றைக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை ஒட்டி. பிளாக் ஆகாது.

"கவலைப்படாதீர்கள் சார், முழுப் பாதுகாப்பு எடுத்துக்கொண்டால் டெபாசிட்டே தேவையில்லை" என்றார். காருக்குச் சேதமானால் நம்மிடம் பணம் கேட்காமல் இருப்பதற்கான காப்பீடு அது, நாளுக்கு 25 யூரோ. அதாவது காரின் வாடகையைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வேண்டாம் என்றால் கார் கிடையாது, கட்டிய 63 திரும்ப வராது. இந்த டெபாசிட் விவரம் இணையத்தில் முன்பதிவு செய்தபோதே இருந்திருக்கிறது, பொடி எழுத்தில், இன்னொரு பக்கத்தில். நான் படிக்கவில்லை. நம் ஊரிலிருந்து போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஃபோரெக்ஸ் கார்டை நம்பித்தான் போகிறோம். ஓட்டலில், கடையில் அது நன்றாக வேலை செய்யும். காருக்கு மட்டும் அதை நம்பாதீர்கள்.

அடுத்து பெட்ரோல். முழு டாங்க் நிரப்பித் தருவோம், காலியாகத் திருப்பித் தரலாம், அதற்கு 95 யூரோ என்றார். ஆகா, வசதியாக இருக்கிறதே என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். மால்டாவில் பெட்ரோல் விலையை அரசு கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. லிட்டர் 1.34 யூரோ என்று 2020 முதல் அதே விலை. எங்கள் காரின் டாங்க் 35 லிட்டர். பம்பில் போட்டால் 47 யூரோ. அதற்கு 95! மிச்சம் நின்றால் பணம் திரும்பாது. தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 27 கிலோமீட்டர்தான். ஏழு நாளில் நாங்கள் ஓட்டியதே 210 கிலோமீட்டர். பதின்மூன்று லிட்டர் போயிருந்தால் அதிகம். மிச்சப் பெட்ரோலை அவர்களுக்கே தானமாக விட்டு வந்தோம்.

அப்புறம் கார்டு தேய்க்கிற இயந்திரம். 270 யூரோவுக்குத் தேய்த்தார். ரசீதில் பார்த்தால் 26,595 ரூபாய் என்று நம் பணத்தில் வந்திருக்கிறது. "உங்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று உங்கள் நாட்டுப் பணத்திலேயே போட்டேன்" என்றார். அவர்கள் போட்ட விகிதம் யூரோவுக்கு 98.50. அன்றைய சந்தை விலை 93 ரூபாய். இதில் மட்டும் ஆயிரத்தைந்நூறு ரூபாய் காற்றில். போதாதற்கு, ரூபாயில் தேய்த்தாலும் வெளிநாட்டுக் கடை என்று சொல்லி எங்கள் வங்கி ஒரு கட்டணம் போட்டது. யூரோ புழங்குகிற நாடுகளில் பல இடங்களில் இயந்திரம் யூரோவா ரூபாயா என்று கேட்கும். யூரோவையே அழுத்துங்கள். அவர்கள் கையில் கொடுக்காமல் இயந்திரத்தை நீங்களே வாங்கி அழுத்துங்கள். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

காரைப் படம் எடுத்தேன். ஆனால் அடித்தளத்தின் மங்கல் வெளிச்சத்தில், பத்துப் பதினைந்து படம், கதவு, பம்பர், கண்ணாடி. சக்கரங்களை எடுக்கத் தோன்றவில்லை.

ஓட்டிய அனுபவத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்தரை லட்சம் மக்கள் வாழ்கிற தீவில் நாலு லட்சத்துக்கு மேல் வண்டிகள் ஓடுகின்றன. நாங்கள் தங்கிய ஸ்லீமா என்கிற ஊரில் எங்கள் அறைக்குப் பக்கத்தில் காரை நிறுத்த ஒரு நாள் ஐம்பது நிமிடம் சுற்றினேன். வெள்ளைக் கோடு போட்ட கட்டத்தில்தான் எவரும் எந்நேரமும் நிறுத்தலாம். அது காலையிலேயே நிரம்பிவிடும். தலைநகர் வலேட்டாவை ஒரு மணி நேரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தே பார்த்துவிடலாம். காரை உள்ளே கொண்டுபோனால் காமிரா படம் பிடித்துக் கட்டணம் போடும். இம்தினா கோட்டைக்குள் வெளியூர்க்காரர் வண்டிக்கு அனுமதியே இல்லை. ஆக, பார்க்கப் போன இடங்களிலெல்லாம் கார் வெளியே நின்றது, நாங்கள் நடந்தோம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

திருப்பிக் கொடுத்த அன்று ஒரு பையன் டார்ச் லைட்டோடு வந்தான். வந்தவன் நேராக இடது பின்சக்கரத்தின் முன்னால் போய்க் குந்தினான். மற்ற மூன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ரிம்மில் ஒரு விரல் நீளத்துக்கு உரசல். முழுப் பாதுகாப்பு எடுத்திருக்கிறோமே என்றேன். மேசைக்காரர் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை அந்தப் பாதுகாப்பில் சேராது. சந்துகளில் ஒரு கார் உரசுவதென்றால் வேறு எங்கே உரசும்? கூரையிலா?

அந்த உரசல் நாங்கள் போட்டதாகவும் இருக்கலாம். சுண்ணாம்புக்கல் ஓரம் கட்டிய குறுகல் தெருக்கள், எனக்கும் புது வண்டி. சத்தியமாகத் தெரியாது. ஆனால் டார்ச்சோடு வந்தவன் நேரே அந்தச் சக்கரத்துக்குப் போனதை என்னால் மறக்க முடியவில்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டது. அப்போது கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் கார்டிலிருந்து 220 யூரோ போனது. ரிம்முக்கு 180, நிர்வாகக் கட்டணம் 40.

வங்கியில் தகராறு மனு கொடுத்துப் பார்த்தேன். நான் கையெழுத்திட்ட தாளை அவர்கள் அனுப்பினார்கள், மனு தள்ளுபடி. மால்டாவில் போட்டி மற்றும் நுகர்வோர் விவகார ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே புகார் செய்யப் போகிறேன் என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாளே அந்த 40 யூரோ மட்டும் திரும்பி வந்தது. ஆக, கைவிட்டுப் போனது 513.

எடுத்தே தீருவேன் என்கிறவர்களுக்கு: வரம்பு தாராளமாக உள்ள கிரெடிட் கார்டு, அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே இயக்கிவைத்தது, கையில் இருக்கட்டும். பெட்ரோல் முழுசாக வாங்கி முழுசாகத் திருப்பித் தருகிற நிறுவனத்தைத் தேடுங்கள். டெபாசிட் எவ்வளவு, பாதுகாப்பில் எதெல்லாம் சேராது என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். காரை வெயிலுக்குக் கொண்டுவந்து நாலு சக்கரத்தையும் வீடியோ எடுங்கள், குனிந்து அடியிலும்.

எங்களைக் கேட்டால் பேருந்தே போதும். கோடையில் ஒரு டிக்கெட் 2.50 யூரோ, இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறிக்கொள்ளலாம். ஏழு நாள் அட்டை 25 யூரோ. விமான நிலையத்திலிருந்து எக்ஸ் எழுத்தில் தொடங்கும் பேருந்துகள் புறப்படுகின்றன, எக்ஸ் 4 வலேட்டாவுக்குப் போகும். நிறுத்தத்தில் சும்மா நின்றால் வண்டி நிற்காது, கையைக் காட்ட வேண்டும். கூட்டம் நிரம்பியிருந்தால் காட்டினாலும் நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் சீக்கிரம் கிளம்பினால் தப்பிக்கலாம். மூன்று சதுரக் கம்பி உள்ள பிரிட்டிஷ் பிளக்தான் அங்கே, நம் சார்ஜர் நுழையாது, அடாப்டர் எடுத்துப் போங்கள். கொமினோவில் நீல லகூன் என்கிற கடல் குளிக்கும் இடத்துக்கு 2025 முதல் இலவச முன்பதிவு இருந்தால்தான் இறங்க விடுகிறார்கள். படகு டிக்கெட் மட்டும் வாங்கிவிட்டு அதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. கோஸோவுக்கு சிர்கெவ்வா துறையிலிருந்து ஃபெர்ரி. காரோடு போன அன்று, வரிசைக்குச் சற்று முன்னால் ஒருவர் வந்து போகவர டிக்கெட் என்று தலைக்கு 15 யூரோ கேட்டார். அதற்குள் நாங்கள் அடிபட்டுத் தேறியிருந்தோம், மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அந்த ஃபெர்ரியில் போகும்போது யாரும் காசு கேட்பதில்லை. திரும்பி வரும்போது கோஸோ பக்கத்து இம்ஜார் துறையில்தான் வாங்குகிறார்கள். நாங்கள் போனபோது ஆளுக்கு 4.65 யூரோ. காரும் ஓட்டுநரும் சேர்ந்தால் 15.70. அதையும் கார்க் கணக்கில்தான் சேர்த்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.