பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்களா? எடுக்கும் தேதியைக் கேட்டு வாங்குங்கள்

அம்மா பாம்பனில் கருவாட்டு வியாபாரம் பார்ப்பவர். போன மீன்பிடித் தடைக்காலத்தில், கையில் காசில்லாத நேரம் பார்த்து, அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். நாலாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல். அதில் ஒன்று நழுவிப் பித்தக் குழாயையும் அடைத்திருக்கிறது என்றார்கள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் கைகாட்டிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். (அவருக்குக் கமிஷன் என்பது பிறகுதான் தெரிந்தது.) முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டினால், "அப்ரூவல் வர ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் தாங்குவாங்களா?" என்று கவுன்டரில் பயமுறுத்தினார்கள். நகையை அடகு வைத்து 1,40,000 ரூபாய் கட்டினோம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், ஆபரேஷனில் குறை இல்லை. முதலில் வாய் வழியாக எண்டோஸ்கோப் என்னும் கேமராக் குழாயை விட்டு, பித்தக் குழாயில் இருந்த கல்லை எடுத்தார்கள்; இதற்கு இ.ஆர்.சி.பி. என்று பெயர். இரண்டு நாள் கழித்து லேப்ராஸ்கோப்பியில் நாலு சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை அகற்றினார்கள். மறுநாளே அம்மா எழுந்து நடந்தார்.

ஆனால் கல்லை எடுத்த கையோடு, பித்தநீர் தடையில்லாமல் இறங்கட்டும் என்று குழாய்க்குள் ஸ்டென்ட் என்னும் சின்ன பிளாஸ்டிக் குழல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது தற்காலிகம். பொதுவாக 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும்; விட்டால் கசடும் கிருமியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இதை எங்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் 'ஸ்டென்டிங் டன்' (ஸ்டென்ட் வைத்தாயிற்று) என்று இரண்டே வார்த்தை, தேதி கிடையாது. தையல் பிரிக்கப் போனபோதும், "எல்லாம் நல்லாருக்கு, போயிட்டு வாங்கம்மா" என்றுதான் அனுப்பினார்கள்.

மார்கழியில் ஒரு ராத்திரி அம்மாவுக்குக் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர்காய்ச்சல். விடிந்தால் கண் மறுபடியும் மஞ்சள். பித்தப்பையே இல்லாதவருக்கு ஏது காமாலை என்று நாங்கள் குழம்ப, சித்தி அம்மியில் கீழாநெல்லி வைத்துவிட்டார். நல்லவேளை, அதை நம்பி உட்காராமல் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்டென்ட் எடுத்தாச்சா?" நாங்கள் முழித்தோம்.

பித்தக் குழாயில் தொற்று. ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து என்றார். மறுபடியும் இ.ஆர்.சி.பி. வெளியே எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். பேனா ரீஃபில் மாதிரி ஒரு குழல். கருப்பும் பச்சையுமாக, ஓட்டையில் சேறு அடைத்ததுபோல இருந்தது. ஏழு மாதம் அதைச் சுமந்துகொண்டுதான் அம்மா கருவாட்டுக் கூடையையும் தூக்கியிருக்கிறார்.

பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "நீங்கதானே சார் வந்திருக்கணும்" என்கிறார்கள். சரி, ரிப்போர்ட்டையாவது கொடுங்கள் என்றேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. 11 நாள் இழுத்தடித்தார்கள். நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனு கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் யாருக்காவது காமாலையோடு கல் எடுத்திருந்தால் இன்றைக்கே சம்மரியைத் தேடிப் பாருங்கள். ஸ்டென்ட் என்று இருந்தால், எடுக்கும் தேதியை டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

இதைக் கேள்விப்பட்டு நேற்று தங்கச்சிமடத்து மாமா கூப்பிட்டார். அத்தைக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் கல் எடுத்தார்களாம், நாலு மாதம் ஆகிறதாம். காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதே இரண்டு வார்த்தை. நாளைக் காலை மதுரை பஸ்ஸில் கூட்டிப்போகிறேன்.