நக விளிம்பில் தெரியும் எச்சரிக்கை: யுஎஸ்பி மைக்ராஸ்கோப்போடு சில குளிர்காலங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூனில்தான் குளிர்காலம். ஜூன் பிறந்தால் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் இருக்கும் என் கிளினிக்குக்கு விரல் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவக்கிறது என்று ஆட்கள் வரத் தொடங்குவார்கள். 1862-ல் மாரிஸ் ரேனோ என்ற மருத்துவர் விவரித்த கோளாறுதான், அவர் பெயரிலேயே ரேனோ என்பார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது அதோடு நின்றுவிடும். சிலருக்கு மட்டும் ஸ்க்ளீரோடெர்மா (தோல் தடித்து இறுகும் நோய்) போன்ற இணைப்புத்திசு நோயின் முதல் அறிகுறி. அந்தச் சிலரைக் கண்டுபிடிக்கத்தான் யுஎஸ்பி மைக்ராஸ்கோப் வாங்கினேன். முதல்கட்டப் பரிசோதனைக்கு இது தாராளமாகப் போதும்.

நகமும் தோலும் சேரும் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸை வைத்தால், தந்துகிகள், அதாவது மயிரிழை போன்ற மெல்லிய ரத்தக் குழாய்கள், கொண்டை ஊசிகள் போல வரிசையாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தது ஏழு இருக்க வேண்டும். 50 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) மேல் பருத்த வளையம், ரத்தக்கசிவு, தந்துகியே இல்லாத வெற்றிடம், இவற்றில் எது தெரிந்தாலும் நான் விடமாட்டேன்.

மோதிர விரலும் சுண்டு விரலும்தான் நன்றாகத் தெரியும். கருத்த தோலில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பார்லரில் நகத்தோலை வெட்டிக்கொண்டு வருபவர்களைச் சில வாரம் கழித்து வரச் சொல்வேன். சென்ற குளிரில் வெளியே நின்றுவிட்டு வந்த ஒரு அம்மா, "சீக்கிரம் பாருங்க டாக்டர், டாக்ஸி போயிடும்" என்றார். கால்மணி நேரம் உட்காரவைத்து, கை சூடான பிறகே பார்த்தேன். மோதிர விரலில் பருத்த வளையம், பக்கத்திலேயே பழுப்பாய் ஒரு கசிவு. அன்றே ருமட்டாலஜிஸ்ட்டுக்கு (மூட்டு, இணைப்புத்திசு நோய் நிபுணர்) கடிதம் கொடுத்தனுப்பினேன்.

ஆண்கள் வந்தால் சுரங்க வேலை பார்த்தாரா என்று கட்டாயம் கேட்பேன். ஜோஹன்னஸ்பர்க்கைச் சுற்றிய விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஸ்க்ளீரோடெர்மா இருப்பதை எராஸ்மஸ் என்ற மருத்துவர் 1957-லேயே எழுதிவிட்டார். சுரங்கப் பாறையிலிருந்து பறக்கும் சிலிக்கா தூசு லேசான விஷயமில்லை.

படம் சரியாக இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. ரேனோ உள்ள 586 பேரைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியான கனடிய ஆய்வில், தந்துகிக் கோளாறும் ரத்தத்தில் ஸ்க்ளீரோடெர்மாவுக்குரிய ஆன்டிபாடியும் (எதிர்ப்பொருள்) சேர்ந்து இருந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. இரண்டும் இல்லாதவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவு.

இந்த மைக்ராஸ்கோப்பில் குறை என்றால், கை லேசாக ஆடினாலும் ஃபோகஸ் போய்விடும். ஸ்டாண்ட் இல்லாமல் வாங்காதீர்கள். மைக்ரான் கணக்குக்கு அளவுக்கோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். துல்லியமாக அளக்க நிபுணரிடம் உள்ள 200 மடங்கு கருவிதான் சரி. படங்களை விரல் பெயரும் தேதியும் போட்டுச் சேமித்து வையுங்கள், அடுத்த வருடம் அதே விரலோடு ஒப்பிட உதவும்.