பழைய எம்.ஜி.பி.க்குச் சொந்த இன்ஜினா, ஹாஃப்கட் இன்ஜினா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் 1970ஆம் ஆண்டு எம்.ஜி.பி ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. லெலோங் என்ற ஏலத்தில் ஒரு புது மோட்டார் சைக்கிள் விலைக்குக் கிடைத்தது. ஏன் அவ்வளவு மலிவு என்பது வீட்டுக்கு இழுத்து வந்த பிறகுதான் விளங்கியது. இன்ஜின் சுற்றவே இல்லை.

அன்று மாலையே தெருவில் இரண்டு கட்சி. "ஈப்போவுல ஹாஃப்கட் கடைக்குப் போய் ஒரு டொயோட்டா இன்ஜின் தூக்கிட்டு வா தம்பி, சட்டுனு ஓடிடும்" என்றது ஒரு கட்சி. ஜப்பானின் பழைய கார்களைப் பாதியாக வெட்டி விற்கும் கடை அது. இருக்கிற இன்ஜினையே எழுப்பு என்றது மற்றது. இரண்டு கட்சியும் வண்டியின் இன்ஜின் மூடியைத்தான் திறந்து பார்த்தன. கதவை யாரும் திறந்து பார்க்கவில்லை.

எம்.ஜி.பி.க்குத் சேசி என்ற தனி அடிச்சட்டம் கிடையாது. கதவுக்கு அடியில் ஓடும் சில் என்ற பெட்டிச்சட்டம்தான் முதுகெலும்பு. மேல்கூரை இல்லாத ரோட்ஸ்டரில் பாரம் முழுக்க அதன் தலையில்தான். வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு என்று அடுக்காக இருப்பதால் உள்ளே புகுந்த ஈரம் வெளியே தெரியாமல் அரிக்கும். வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். சில்லின் முன்பக்கம் கப்பென்று ஒட்டியது. பின்சக்கரத்துக்கு முன்னால் பொத்தென்று விழுந்தது. அங்கே இரும்பு இல்லை, ஓட்டையை அடைக்கும் புட்டிதான். ஜாக்கி வைத்து நடுவில் தூக்கினால் கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. வண்டி நடுவில் மடங்குகிறது என்று அர்த்தம்.

ஆகவே எந்த இன்ஜின் வைத்தாலும் முதல் செலவு இதுதான். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்து இறுக்கிய பிறகே பழைய சில்லை வெட்ட வேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாமல் வெட்டியவர்களின் வண்டியில் கதவு ஆயுசுக்கும் பொருந்தாது. புதுத் தகடுகள் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான மாடல் என்பதால் முழு பாடியைக்கூட இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

சரி, இப்போது இன்ஜினுக்கு வருவோம்.

ஹாஃப்கட் என்பது ஜப்பானில் கழித்துவிட்ட காரைப் பாதியாக வெட்டி, இன்ஜினும் கியர்பாக்ஸும் வயரிங்கும் இருக்கும் முன்பாதியை இங்கே கொண்டு வந்து விற்பது. நண்பர்கள் சொன்னது 4ஏ-ஜிஇ. 1,587 சிசி, 16 வால்வு, காகிதத்தில் 130 குதிரைத்திறன். என் வண்டியின் சொந்த இன்ஜின் 1,798 சிசி, புதிதாக இருந்தபோதே 95தான். ரோடு டெக்ஸ் என்ற சாலை வரியிலும் டொயோட்டாவுக்கே ஜெயம். தீபகற்ப மலேசியாவில் 1,587 சிசிக்கு வருஷத்துக்கு 90 வெள்ளி (ரிங்கிட்), 1,798க்கு 279 வெள்ளி 20 காசு.

கணக்கு இங்கேயே முடிந்திருந்தால் நானும் ஈப்போவுக்கு லாரி பிடித்திருப்பேன். ஆனால் அந்த இன்ஜின் முன்சக்கர இழுவை கரோலாக்களிலும் உண்டு. அதை நீளவாக்கில் திருப்பி உட்கார வைக்க வேறு கியர்பாக்ஸ் தேட வேண்டும். நேராகப் பொருந்தக்கூடியது ஏஇ86 என்ற பின்சக்கர இழுவைக் கரோலாவில் வந்தது. அந்தக் காரின் மேல் பையன்களுக்கு இருக்கும் மோகத்தில் விலை ஏறிக் கிடக்கிறது. அப்புறம் மவுண்டிங், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் கார்டன் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், இன்ஜெக்‌ஷனுக்கான பெட்ரோல் பம்ப், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வரும் குழாய். இதெல்லாம் முடிந்த பிறகும் ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி, புஸ்பாகோம் நிலையத்தில் வாகனச் சோதனை, கிரான் என்ற வண்டி உரிமைப் பத்திரத்தில் புது இன்ஜின் நம்பர். இதற்கெல்லாம் அலைய எனக்குப் பொறுமை இல்லை. துரு தின்ற உடம்புக்குள் கூடுதல் பலத்தைத் திணிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

சொந்த இன்ஜின் பி-சீரிஸ். இந்தியாவின் அம்பாசடர் காரில் 1,489 சிசியாக ஓடிய அதே குடும்பம். இரும்புப் பிளாக், வால்வைத் தள்ளும் புஷ்ராட் கம்பிகள், முரட்டுத்தனமான எளிமை. பிளக்கைக் கழற்றி நாலு துளையிலும் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் விட்டேன். பிறகு நாலாம் கியரில் போட்டுப் பின்னாலிருந்து தள்ளியதும் மெதுவாகச் சுற்றியது. சுற்றாமல் போயிருந்தாலோ பிளாக்கில் விரிசல் விட்டிருந்தாலோ இந்தக் கட்டுரை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். செலவு இல்லாமல் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்த வால்வு சீட்டுகளை மாற்றிக் கெட்டியான சீட் போட வேண்டியிருந்தது. இதன் கம்ப்ரெஷனுக்கு 97 ரகப் பெட்ரோல்தான் ஊற்றுகிறேன், அது 95 ரகத்தைவிட விலை.

என் மனசை ஒரேயடியாகச் சாய்த்தது ஒரு ரப்பர் குழாய். முன்பு தோட்டத்து லாரிகளையும் டிராக்டர்களையும் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் இங்கே இருக்கிறார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் இரட்டை எஸ்.யு கார்புரேட்டர்கள் சமமாகக் காற்றை இழுக்கும்படி சரிசெய்யக் கூப்பிட்டேன். கருவி எதுவும் கொண்டு வரவில்லை. முழ நீளக் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்தார். முன்னது 'உஸ்ஸ்' என்றது, பின்னது கொஞ்சம் மந்தம். ஒரு ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பினார், மறுபடி கேட்டார். "இந்தா, நீ கேளு" என்று குழாயை நீட்டினார். இரண்டும் ஒரே மூச்சு. டொயோட்டா இன்ஜினை இயக்கும் ஈசியூ என்ற கணினிப் பெட்டி கோளாறானால் இந்த ஊரில் நான் யாரிடம் போவது?

முழுசாக கோலாலம்பூர் கடை ஒன்றில் விட்டுவிடலாம் என்ற மூன்றாவது வழியும் இருந்தது. விலை கேட்டேன், திரும்பி வந்துவிட்டேன்.

ஹாஃப்கட் கடைக்குப் போகாமலும் இல்லை. மதிய வெயிலில் தைப்பிங் சாலையில் நெரிசலில் நின்றால் சூட்டு முள் ஏறிக்கொண்டே போனது. கடை முதலாளி தவுக்கேயிடம் பேரம் பேசி ஒரு ஜப்பான் மின்விசிறி வாங்கி ரேடியேட்டர் முன்னால் மாட்டினேன். முள் இப்போது நடுவில் நிற்கிறது. வலது கதவு ஒரே தள்ளில் சாத்துகிறது. இடது கதவை இன்னும் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும்.