பெர்கியும் ஸ்மித்தும்: பொம்மல் ஹார்ஸில் கடினமா, துல்லியமா?

2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஆடவர் ஜிம்னாஸ்டிக்ஸில், பொம்மல் ஹார்ஸ் எனும் கைப்பிடிகள் கொண்ட கருவிக்கான இறுதிச் சுற்றில் ஹங்கேரியின் கிரிஸ்டியான் பெர்கி, பிரிட்டனின் லூயிஸ் ஸ்மித் ஆகிய இருவரும் 16.066 என்ற ஒரே புள்ளியைப் பெற்றார்கள். ஆனால் அதை எட்டிய வழிகள் வேறு. ஸ்மித்தின் பயிற்சித் தொடர் கடினத்துக்கு 7.0, செயல்திறனுக்கு, அதாவது அசைவுகளைத் துல்லியமாகச் செய்ததற்கு, 9.066 பெற்றது, பெர்கிக்கு முறையே 6.9, 9.166. சமநிலையில் செயல்திறன் மதிப்பெண் கூடியவருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி தங்கம் பெர்கிக்குச் சென்றது. உள்ளூர் ரசிகர்களுக்கு அது கசந்திருக்கும்.

கைப்பிடிகளைப் பற்றியபடி இரு கால்களையும் சேர்த்து வட்டமிடும் இக்கருவியில், இடுப்பு சற்றே தளர்ந்தாலும் கால்விரல் நுனி வளைந்தாலும் புள்ளி குறையும். கடினமான அசைவுகளைக் கூட்டக் கூட்ட அந்த ஆபத்தும் கூடுகிறது என்பதால், பெர்கியின் வழியே எனக்குப் பாதுகாப்பானதாகப் படுகிறது.

எனினும் அது எப்போதும் வெல்வதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் தைவானின் லீ சிகாய் செயல்திறனில் 8.700 பெற்று, 8.583 பெற்ற பிரிட்டனின் மேக்ஸ் விட்லாக்கை முந்தினார். ஆனால் கடினத்தில் விட்லாக்கின் 7.0 லீயின் 6.7-ஐ விஞ்சியதால், தங்கம் 15.583 புள்ளிகளுடன் விட்லாக்கிடம் போனது.