பழைய புல்லட்டுக்குப் பெரிய கார்புரேட்டர்: பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் தந்தை 1992-இல் வாங்கிய புல்லட் 350-ஐ இன்றும் நான் அன்றாடம் ஓட்டி வருகிறேன். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் அதில் 24 மில்லிமீட்டர் துளையுள்ள மிக்கார்ப். அதை மாற்றி, 28 மில்லிமீட்டர் துளையுள்ள மிக்குனி நிறுவனக் கார்புரேட்டரைப் பொருத்தினால் இழுவை வெகுவாகக் கூடும் என்று, கோவையில் பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் ஒரு பட்டறையில் உறுதியாகச் சொன்னார்கள். நான் நம்பி, பொருளுக்கும் வேலைக்கும் சேர்த்து 14,500 ரூபாய் கொடுத்தேன்.

வண்டியைத் திரும்பக் கொடுக்கும்போது டைனோவில், அதாவது வண்டியின் திறனை அளக்கும் கருவியில், ஓட்டிப் பார்த்த தாள்கள் இரண்டைக் காட்டினார்கள். மாற்றுவதற்கு முன் பின்சக்கரத்தில் 12.8 குதிரைத்திறன், மாற்றிய பின் 15.9. எண்களைப் பார்த்து மகிழ்ந்துபோன நான், இரண்டு தாள்களுக்கும் இடையே இரண்டு நாள் இடைவெளி இருந்ததைக் கவனிக்கவில்லை. பாயிண்ட் (தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை), டேப்பட் (வால்வுகளின் இடைவெளி) ஆகியவற்றைச் சரிசெய்தது, புது பிளக் போட்டது எல்லாம் ரசீதின் கடைசி வரியில் இருந்ததையும் வீட்டுக்கு வந்த பிறகே பார்த்தேன். கழற்றிய பொருள்களைப் போட்டுக் கொடுத்த பெட்டியில் என் ஏர் ஃபில்டரும் கிடந்தது. அதாவது முதல் ஓட்டம் அழுக்கேறிய ஃபில்டருடனும் தேய்ந்த பாயிண்ட்டுடனும் நடந்தது. இரண்டாம் ஓட்டத்தில் ஃபில்டரே இல்லை. ஐந்து மாற்றங்களைச் செய்துவிட்டு, கிடைத்த பலன் முழுவதையும் கார்புரேட்டரின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

நல்ல வேளையாக, வண்டியை விடுவதற்கு முன்பே நானும் ஒரு சோதனை செய்து வைத்திருந்தேன். பல்லடம் – உடுமலை சாலையில் விடியற்காலையில், நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-ஐ எட்ட எத்தனை நொடிகள் ஆகின்றன என்பதை, ஸ்பீடோமீட்டரைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கணக்கிட்டேன். அது காற்றாலைகள் நிற்கும் பகுதி என்பதால், ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் காற்று முடிவைக் கெடுத்துவிடும். எனவே போக மூன்று, வர மூன்று என ஆறு ஓட்டங்களின் சராசரியை எடுத்தேன். முள் சற்றுப் பிழையாகக் காட்டினாலும், முன்பும் பின்பும் அதே பிழைதான் என்பதால் ஒப்பிடுவதற்குத் தடையில்லை. பழைய நிலையில் சராசரி 15.6 நொடி. புதிய கார்புரேட்டருடன், ஏர் ஃபில்டரைத் திரும்பப் பொருத்திய பின், 15.1 நொடி. சரிசெய்த பாயிண்ட்டையும் புது பிளக்கையும் அப்படியே விட்டுவிட்டு, பழைய 24 மில்லிமீட்டர் கார்புரேட்டரை மட்டும் மீண்டும் மாட்டி ஓட்டியபோது 13.9 நொடி.

பெரிய கார்புரேட்டரை விடப் பழையதே வேகமாக இருந்ததற்குக் காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. 28 மில்லிமீட்டர் துளையின் பரப்பு, 24 மில்லிமீட்டர் துளையைவிட ஏறத்தாழ 36 விழுக்காடு பெரியது. ஆனால் 346 சிசி எஞ்சின் உறிஞ்சும் காற்று அதேதான். வால்வும் ஹெட்டும் அதேதான். துளை அகலமானால் காற்றின் வேகம் குறைகிறது, ஜெட் எனும் சிறு துவாரத்திலிருந்து பெட்ரோலை இழுக்கும் விசை தளர்கிறது, பெட்ரோல் நன்றாகத் தூளாகிக் கலக்காமல் துளிகளாகவே உள்ளே போகிறது. உச்சச் சுழற்சியில் ஏதேனும் பயன் இருக்கலாம். ஆனால் நாம் அன்றாடம் ஓட்டும் நடுத்தரச் சுழற்சியில் இழப்புதான். லிட்டருக்கு 34 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 26-க்கு இறங்கியது. பிளக் கரி படிந்து கறுத்தது.

இவற்றையெல்லாம் பண இழப்பு என்று பொறுத்துக்கொண்டிருப்பேன். பத்தாம் நாள் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை முழுவதும் முறுக்கிவிட்டுக் கையைத் தளர்த்தியபோது, கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கிக் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்லைடு மேலேயே சிக்கிக்கொண்டது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு, ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் சாவியை அணைத்ததால் உயிர் தப்பினேன். பின்சீட்டில் என் மகள் இருந்தாள்.

கழற்றிப் பார்த்தபோது ஸ்லைடின் பக்கத்தில் ஆழமான கீறல்கள் இருந்தன. உண்மையான மிக்குனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு முத்திரை பொறித்திருக்கும். என் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டிலும் பைலட் ஜெட்டிலும் வெறும் எண் மட்டுமே இருந்தது. போலியை அசல் விலைக்கு விற்றிருக்கிறார்கள். கேட்டதற்கு, "உங்க எஞ்சினே தேஞ்சு போச்சு சார், அதான் இப்படி" என்று கைவிரித்துவிட்டார்கள்.

கார்புரேட்டர் மாற்றியே தீர வேண்டும் என்று எண்ணுபவர்கள், முதலில் இருப்பதைச் சுத்தம் செய்து, பாயிண்ட், டேப்பட், ஃபில்டர் மூன்றையும் சரிசெய்து, அந்த நிலையில் ஒரு முறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கார்புரேட்டரை மட்டும் மாற்றி, அதே நாளில், அதே ஃபில்டருடன் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். பொருத்துவதற்கு முன்பே ஜெட்டை உங்கள் கண்முன் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கிருந்து வண்டியை எடுத்து வந்துவிடுங்கள். ரசீதில் "கார்புரேட்டர் செட்" என்று பொதுவாக எழுத விடாமல், நிறுவனத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் அவை இல்லாததால்தான் பணத்தைத் திரும்பப் பெறுவது இவ்வளவு கடினமாக இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கீறல் விழுந்த ஸ்லைடையும், முத்திரையில்லாத ஜெட்டுகளையும், இரண்டு டைனோ தாள்களையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.