எனோஷிமாவா, மியாஜிமாவா? முழங்கால் வலிக்காரர்களுக்காக ஓர் ஒப்பீடு

டோக்கியோவில் எங்களோடு ஒரு மாதம் தங்க வந்த அம்மா, "சரஸ்வதி இருக்கிற தீவு ஏதோ இங்கே உண்டாமே?" என்று கேட்டார். உண்டுதான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போன சரஸ்வதி, அங்கே பிவா என்ற தந்திவாத்தியம் ஏந்தி பென்ஸைட்டென் ஆகிவிட்டாள். அவளுக்குப் பேர்போன தீவுகளில் எனோஷிமாவும் மியாஜிமாவும் உண்டு.

காசு, நேரம் என்று பார்த்தால் போட்டியே இல்லை. ஷின்ஜுகுவில் ஓடாக்யூ ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் எனோஷிமா. ஆயிரம் யென்கூட ஆகாது. கடைசியில் ஒரு பாலம், நடந்தே போய்விடலாம். மியாஜிமாவுக்கோ ஹிரோஷிமா வரை ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறக்குறைய 4 மணி நேரம், அப்புறம் அரை மணி ரயில், 10 நிமிடப் படகு. ராத்தங்கல் செலவு வேறு.

அதனால் முதலில் நான் மட்டும் எனோஷிமாவை வேவு பார்த்துவிட்டு வந்தேன். அங்கேதான் மனசு மாறியது. பாலம் முடிந்ததும் கடைத்தெரு, அதன் முனையிலிருந்து படிகள். எஸ்கார் என்று 1959இல் அமைத்த கட்டண எஸ்கலேட்டர் இருக்கிறது; ஆனால் மேலே மட்டும்தான் போகும். முழங்கால் வலிக்காரர்களைக் கேளுங்கள், ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிரை எடுக்கும். உச்சிக்கு அப்பால் இவாயா குகைகளைப் பார்க்க வேண்டுமானால் கடல்மட்டம் வரை செங்குத்தாக இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து பாலத்தருகே திரும்ப ஒரு சிறு படகு உண்டு. நான் போன அன்று அலை அதிகம், படகு ஓடவில்லை. அதை நம்பி அம்மாவைக் கூட்டிப்போகத் துணிச்சல் வரவில்லை.

மியாஜிமாவில் படகுத்துறையிலிருந்து இட்சுகுஷிமா கோயில் வரை கரையோரச் சமதளம். கோயிலுக்குள்ளும் கடல்மேல் போட்ட பலகைத் தாழ்வாரம்தான். மான்களிடமிருந்து கைப்பையைக் காப்பாற்றுவது ஒன்றே அம்மாவுக்குச் சிரமமாக இருந்தது. ராத்தங்கியதும் வீண்போகவில்லை: மாலையில் 16 மீட்டர் உயரத் தோரணவாயில் நீரில் மிதப்பதுபோல் நின்றது, மறுநாள் நீர் வற்றியபோது அதன் காலடிவரை போய்த் தொட்டுப் பார்த்தோம். மிசென் மலைக்கு நாங்கள் போகவில்லை. ரோப் காரை விட்டு இறங்கிய பிறகும் நடக்க வேண்டுமாம், ஆகவே அதைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது.

சாப்பாட்டில் இரண்டும் ஒன்றுதான். அங்கே பொடிமீன், இங்கே சிப்பி. சைவ அம்மாவுக்கு இரண்டு இடத்திலும் தயிர்சாத டப்பாதான்.

ஒரே குறை, மியாஜிமாவின் பென்ஸைட்டென் பக்கத்திலுள்ள தைகான்ஜி கோயிலில் இருக்கிறாள்; ஆண்டுக்கு ஒருநாள், ஜூன் 17 அன்றுதான் தரிசனம். நாங்கள் போனது நவம்பர். எனோஷிமாவில் சிறு கட்டணத்தில் எந்நாளும் பார்க்கலாம். கால் திடமாக இருந்து, தரிசனம்தான் முக்கியம் என்றால் அங்கேயே போங்கள்.

அம்மா சாத்திய கதவுக்கு முன் கும்பிட்டுவிட்டு வந்தார். திரும்பும் படகில் தோரணவாயிலைக் காட்டி, "கோபுர தரிசனம் ஆச்சு, போதும்டா" என்றார்.