பிரெம்பே, பெஹான்சின்: இரு நாடுகடத்தல்கள்

இன்றைய கானாவில் இருந்த அசாந்தி அரசின் மன்னர் பிரெம்பேயை பிரிட்டிஷார் 1896-ல் பிடித்து, எல்மினா கோட்டை, சியரா லியோன் என்று மாற்றி, 1900-ல் இந்தியப் பெருங்கடல் தீவுக்கூட்டமான செஷல்ஸுக்கு அனுப்பினார்கள். தாயும் தலைவர்களும் கூடவே போனதால், அங்குள்ள மாஹே தீவில் ஒரு சின்ன அசாந்தியே உருவானது. அங்கே பிரெம்பே ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்றார், கிறிஸ்தவரானார், திரும்ப விடும்படி விடாமல் மனு எழுதினார். 1924-ல் அசாந்தித் தலைநகர் குமாசிக்குத் திரும்பினார். ஆனால் 1926-ல் பிரிட்டிஷார் தந்தது ‘குமாசிஹேனே’ (குமாசித் தலைவர்) பட்டம்தான், ‘அசாந்திஹேனே’ (அசாந்தி மன்னர்) அல்ல. இந்த வெட்டு சாதாரணமானதல்ல: அசாந்தி முழுமைக்குமான மன்னரை ஒரு நகரத் தலைவராகச் சுருக்கினார்கள்.

இன்றைய பெனினில் இருந்த தஹோமி அரசின் மன்னர் பெஹான்சின் 1894-ல் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்தார். அவரை வைத்த இடம், கரீபியத் தீவான மார்டினிக்கில் டார்டென்சன் கோட்டை. ஊர் திரும்பக் கேட்டவருக்கு 1906-ல் கிடைத்தது அல்ஜீரியா. அவ்வாண்டு டிசம்பரில் அங்கேயே இறந்தார். உடல் எச்சம் மட்டும் 1928-ல் தாயகம் சேர்ந்தது.